வாகனக் கேள்வி பதில்: விலை படியமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: கொழும்பில் 2012ஆம் ஆண்டு பென்ஸ் எஸ் கிளாஸ் ஒன்று விற்பனைக்கு நிற்கிறது. 110,000 கிலோமீற்றர் ஓடியதாம். புதிய சின்னக் கார் ஒன்றின் விலைக்கே தருகிறார்கள். எடுக்கலாமா?
– கோண்டாவில் வாசகர்

பதில்: முதலில் சஸ்பென்ஷனைப் பாருங்கள். இந்த மொடலை (டபிள்யூ 221) பெரும்பாலும் சுருள்வில் தாங்குவதில்லை, காற்றடைத்த இறப்பர்ப் பைகள்தான் தாங்குகின்றன. பத்து வருடம் கடந்த இறப்பரின் மடிப்புகளில் வெடிப்பு விழும். காற்று மெல்லக் கசிய, அதை நிரப்பக் கொம்பிரசர் அடிக்கடி ஓடும். ஓடி ஓடி ஒருநாள் எரிந்துவிடும். சில கராஜ்களில் கொம்பிரசரை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். பை கசிந்தபடியே இருப்பதால் புதியதும் அதே வழியில் போகும்.

சோதிக்க ஓர் அளவுநாடா போதும். பின்னேரம் காரைச் சமதரையில் நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை நாலு மூலையையும் அளந்து எழுதி வையுங்கள். விடிய, கதவைத் திறக்கமுன் மீண்டும் அளந்து பாருங்கள். கதவைத் திறந்தால் சில வேளை கார் தானே உயரத்தைச் சரிசெய்துவிடும். ஒரு மூலை இரண்டு சென்றிமீற்றருக்கு மேல் இறங்கியிருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. சவர்க்காரத் தண்ணியை விசிறினால் குமிழி இடத்தைக் காட்டும். ஓர் இரவு நிறுத்தி வைக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஸ்கேன், அதாவது காரின் கொம்பியூட்டர் பதிந்து வைத்த பிழைக்குறிகளைக் கருவியால் வாசிப்பது. எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரியவில்லை என்று நம்பிவிடாதீர்கள், முதல்நாள் இரவே பிழைக்குறிகளை அழித்திருப்பார்கள். ‘குறிகளை அழித்தபின் ஓடிய தூரம்’ சாதாரண ஸ்கேனரிலேயே தெரியும். அது இருபது, முப்பது கிலோமீற்றர் என்று காட்டினால் ஏன் அழித்தீர்கள் என்று கேளுங்கள். சஸ்பென்ஷன், பிறேக், எயார்பாக் எல்லாவற்றையும் வாசிக்கப் பென்ஸுக்கு உரிய கருவி உள்ள இடத்துக்குத்தான் போகவேண்டும்.

விலை பேசமுன் நாலு விடயத்துக்கு விலை விசாரியுங்கள்: முன்பக்கக் காற்றுப் பை ஒரு சோடி, கொம்பிரசர், முன் பிறேக் டிஸ்க்கும் பிறேக் பாட்களும், கியர் ஒயில் மாற்றம். கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பாவித்த பாகமும் கிடைக்கும். ஆனால் பாவித்த காற்றுப் பையை வாங்கவே வேண்டாம், அதன் இறப்பரும் உங்கள் காரைப் போலப் பழையதாகத்தான் இருக்கும். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் விலை ஏறியதால், சேர்விஸைத் தள்ளிப்போட்ட காருக்கும் நல்ல காரின் விலையே கேட்கிறார்கள்.

இன்னொரு செலவும் இருக்கிறது. முழுதாய் இறங்கிய காரைக் கட்டி இழுக்க முடியாது, தட்டு லொறியில்தான் ஏற்றவேண்டும். இங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் இந்தக் காற்று சஸ்பென்ஷனைத் திருத்தும் கராஜ் ஒன்றை முதலில் கண்டுபிடியுங்கள். கிடைக்காவிட்டால் எடுக்கவேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். மனம் பென்ஸில்தான் நிற்கிறதென்றால், சுருள்வில்லோடு வந்த சி கிளாஸ் ஒன்றைத் தேடுங்கள்.

கேள்வி: 2016 பிஎம்டபிள்யூ 318ஐ ஒன்றைப் பார்த்தோம். 85,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. ஓட்டோ கியர் ஒயிலை வாழ்நாளுக்கும் மாற்றத் தேவையில்லை என்கிறார் விற்பவர். உண்மையா?
– சாவகச்சேரி வாசகி

பதில்: இல்லை. அந்த எட்டு வேகக் கியர்பொக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. நீங்கள் பார்த்த கார் இரண்டையும் எட்டிவிட்டது. மாற்றியாயிற்று என்று சொன்னால் பில்லைக் கேளுங்கள். பில்டர், பிளாஸ்டிக் ஒயில் தட்டோடு சேர்ந்தே வருவது. பில்லில் ஒயில் மட்டும் இருந்தால் பில்டர் பழையதுதான்.

நீங்கள் வாங்கி மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய தட்டின் காந்தத்தில் மைபோல் கறுப்புப் பசை இருப்பது வழமை. மினுங்கும் உலோகச் செதில் இருந்தால் உள்ளே தேய்மானம். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, ஒயில் 30க்கும் 50 பாகை செல்சியஸுக்கும் இடையில் இருக்கும்போதுதான் மட்டம் பார்க்கவேண்டும். அதற்கு மேல் சூடானால் ஒயில் விரிந்து வழியும். நிறைந்துவிட்டதென்று மூடுவார்கள். ஆறியதும் உள்ளே குறைவாக நிற்கும், பிறகு கியர் வழுக்கும்.

பற்றரி மாற்றினால் அதைக் காரின் கொம்பியூட்டரில் பதியவேண்டும். பதியாவிட்டால் பழைய பற்றரிக்குரிய கணக்கிலேயே சார்ஜ் ஏற்றி, புதியதைச் சீக்கிரம் கெடுத்துவிடும். பெற்றோல் 95 ஒக்டேன் அடியுங்கள். ஊருக்குள் குறுகிய ஓட்டம்தான் அதிகமென்றால் எஞ்சின் ஒயிலை 10,000 கிலோமீற்றருக்குள் மாற்றுங்கள்.

கேள்வி: றேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணி விடலாமா?
– உரும்பிராய் வாசகர்

பதில்: வேண்டாம். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிவதுதான் றேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். சூடு ஏறி அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்தால் செலவு இலட்சங்களில். காருக்குரிய கூலன்ரையும் டிஸ்ரில்ட் வோட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள். நிறம் வேறான இரண்டு கூலன்ரைக் கலக்கவேண்டாம். வழியில் வற்றி வேறு தண்ணி விட நேர்ந்தால், வீடு வந்ததும் முழுவதையும் வடித்து, கழுவி, புதிதாக நிரப்புங்கள்.