சம்பளத்தை விட்டுவிட்டு பழங்கட்டடப் பாதுகாப்பு படிக்கப் போகலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 28, அமெரிக்கக் குடியுரிமை உண்டு. பி.ஆர்க். இங்கேதான் படித்தேன். சம்பளம் ஆண்டுக்கு 68,000 டாலர். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் ஹிஸ்டாரிக் பிரிசர்வேஷன் துறைக்கு மாற ஆசை. இரண்டு இடங்களில் முதுகலைப் படிப்புக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. ஒன்று பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகம். உதவித்தொகை போக இரண்டு ஆண்டுக் கட்டணம் 72,000. மற்றொன்று மாநிலப் பல்கலைக்கழகம். கட்டணம் தள்ளுபடி, அசிஸ்டன்ட்ஷிப்பில் (படித்துக்கொண்டே துறையில் பார்க்கும் உதவியாளர் வேலை) ஆண்டுக்கு 18,000 தருகிறார்கள். என் சேமிப்பு 42,000, அதில் 15,000 401(கே) என்ற ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. மீதிக் கடனுக்கு அப்பா கையெழுத்துப் போடுவதாகச் சொல்கிறார். பெரிய பெயருக்கே போகலாமா?

பதில்: உங்கள் கணக்கில் இருப்பதிலேயே பெரிய செலவு விட்டுப்போயிருக்கிறது. வேலையை விட்டால் இரண்டு ஆண்டில் 1,36,000 டாலர் சம்பளம் வராது. எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் இது உண்டு. அதனால் எங்கே படிப்பது என்பதற்கு முன்னால், இப்போதே படிக்க வேண்டுமா என்பதைப் பார்ப்போம்.

இந்தத் துறையில் ஃபெடரல் (மத்திய), மாநில அரசு சார்ந்த வேலைகளுக்குத் தகுதியாக எடுத்துக்கொள்வது அமெரிக்க உள்துறைச் செயலர் (செக்ரட்டரி ஆஃப் தி இன்டீரியர்) வகுத்த தொழில் தகுதி விதிகளை. பழங்கட்டடக் கட்டடக்கலைஞர் என்ற பிரிவுக்கு அவை கேட்பது: கட்டடக்கலையில் தொழிற்பட்டம் அல்லது மாநில உரிமம், அதோடு பாதுகாப்புத் துறையில் ஓராண்டு மேற்படிப்பு, அல்லது அத்தகைய திட்டங்களில் ஓராண்டு முழுநேர அனுபவம். அந்த ‘அல்லது’ உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. பட்டம் உங்கள் கையில் இருக்கிறது. குறைவது ஓராண்டு அனுபவம்தான். அந்த ஓராண்டில் கட்டடத்தை நுணுகி ஆராய்வது, அதன் வரலாற்று அறிக்கை எழுதுவது, பாதுகாப்புப் பணிக்கான வரைபடங்களும் விவரக்குறிப்புகளும் தயாரிப்பது எல்லாம் இருக்க வேண்டும். வெறுமனே பழைய வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்தால் கணக்கில் வராது.

அந்த வேலை எங்கே கிடைக்கும்? 1966-இல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவுப்படி, ஃபெடரல் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட எந்தத் திட்டமும் வரலாற்றுச் சொத்துகளைப் பாதிக்குமா என்று முதலிலேயே ஆராய்ந்தாக வேண்டும். நெடுஞ்சாலையோ பாலமோ, இதிலிருந்து தப்ப முடியாது. இன்னொரு பக்கம், சான்று பெற்ற பழங்கட்டடத்தைச் சீரமைத்து வருமானம் தரும் இடமாக வைத்திருக்கும் உரிமையாளருக்குத் தகுதியான செலவில் 20% அளவுக்குக் கட்ட வேண்டிய ஃபெடரல் வருமான வரியே குறையும். இந்த இரண்டுக்கும் ஆவணம் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களில் விண்ணப்பியுங்கள். நியூஜெர்சியிலும் நியூயார்க்கிலும் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பத்து விளம்பரங்களைப் பார்த்தால் பட்டம் முடித்தபின் என்ன கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். உங்கள் இப்போதைய 68,000-ஐவிடக் குறைவாக இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

இனி தனியார் பல்கலைக்கழகக் கணக்கு. கட்டணம் 72,000. தங்க, சாப்பிட ஆண்டுக்கு 24,000 என்று சிக்கனமாகவே வைப்போம், மொத்தம் 1,20,000. 2026 ஜூலை முதல் புதிய மேற்படிப்பு மாணவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற கூடுதல் ஃபெடரல் கடன் கிடையாது. ஃபெடரல் கடன் ஆண்டுக்கு 20,500தான், இரண்டு ஆண்டுக்கு 41,000. 401(கே) தவிர்த்த சேமிப்பு 27,000-ஐ முழுவதுமாகக் கரைத்தாலும் 52,000 இடிக்கிறது. அப்பா கையெழுத்துப் போடப்போவது அந்தத் தனியார் கடனுக்குத்தான். கையெழுத்து என்றால் ஜாமீன். நீங்கள் கட்டத் தவறினால் வங்கி அவரிடம்தான் வரும். அவர் ஓய்வுபெறும் வயதை நெருங்குகிறார் என்றால் நான் இதற்கு ஒப்ப மாட்டேன்.

ஃபெடரல் கடனுக்கு மட்டும், வட்டி 8% என்று வைத்துக்கொண்டு பத்து ஆண்டில் அடைக்க நினைத்தால் மாதம் 550 டாலருக்கு மேல் போகும். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் அசல் 41,000-இல் நிற்காது. ‘அரசு வேலையில் சேர்ந்தால் பத்து ஆண்டில் தள்ளுபடி ஆகிவிடுமே’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான். அரசிலோ தகுதியுள்ள லாப நோக்கற்ற அமைப்பிலோ முழுநேர வேலையில் இருந்து 120 தவணைகள் கட்டினால் மீதி போகும். ஆனால் அது ஃபெடரல் கடனுக்கு மட்டும். அந்த 52,000-க்குப் பொருந்தாது. தனியார் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தால் எதற்குமே பொருந்தாது.

401(கே)யைத் தொட வேண்டாம். 59½ வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு 10% அபராதமும் உண்டு. உயர்கல்விச் செலவு என்ற விலக்கு, தனிநபர் தானே தொடங்கும் ஓய்வுக்கால கணக்கான ஐ.ஆர்.ஏ.வுக்குத்தான்.

சரி, படிப்பே வீணா? இல்லை. அலுவலகத்தில் கற்றுத்தர நேரமில்லாத சில விஷயங்கள் ஆய்வுக்கூடத்தில்தான் கைவரும். பழைய செங்கல் சுவரில் சுண்ணாம்புக் காரை உதிர்ந்திருக்கிறது என்று வையுங்கள். கெட்டியான போர்ட்லாண்ட் சிமென்டால் பூசி அடைத்தால் பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் ஈரம் காரை வழியே வெளியேற முடியாமல் மென்மையான செங்கல்லுக்குள் தங்கி, உறைபனியில் செங்கல்லின் முகமே பெயர்ந்து விழும். பழைய காரையில் என்ன, எந்த அளவில் கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது, நகத்தளவு பெயின்ட் சில்லை மைக்ராஸ்கோப்பில் வைத்து எத்தனை பூச்சு என்று எண்ணுவது, இந்த மாதிரிப் பொருள்சார் வேலைதான் உங்கள் விருப்பம் என்றால் பட்டம் தேவை. அப்போதும் மாநிலப் பல்கலைக்கழகம்தான் என் தேர்வு. அங்கே ஆண்டுக்குச் செலவு 21,000 ஆனாலும் கையிலிருந்து போவது 3,000 சொச்சம், அதோடு தள்ளுபடியில் சேராத இதர கட்டணங்கள், மருத்துவக் காப்பீடு. அந்த 18,000-க்கு வருமான வரி உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ஆக, முதலில் வேலை மாற்றம், ஓராண்டு அனுபவம். உங்கள் நிறுவனமோ புதிய நிறுவனமோ படிப்புச் செலவு தரும் திட்டம் வைத்திருந்தால் ஆண்டுக்கு 5,250 வரை வரியில்லாமல் வாங்கலாம்; பகுதிநேரச் சான்றிதழ்ப் படிப்புக்கு அது பெரிய உதவி.

மாநிலப் பல்கலைக்கழகத்திடம் இந்த வாரமே இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். அனுமதியை ஓராண்டு தள்ளிவைக்கலாமா, தள்ளிவைத்தால் அசிஸ்டன்ட்ஷிப்பும் கூடவே வருமா? இரண்டாம் ஆண்டுக்கும் அது உறுதியா? வாய்மொழிப் பதிலை ஏற்க வேண்டாம். நிதியுதவியை ஏற்பது குறித்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல சேர்ந்து செய்துகொண்ட பொது உடன்பாட்டில் அந்தப் பல்கலைக்கழகமும் கையெழுத்திட்டிருந்தால், ஏப்ரல் 15-க்கு முன் முடிவைச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அதற்குள் பதில் வாங்கிவிடுங்கள்.