ஊட்னடட்டா ட்ராக்: கேட்டதும் சொன்னதும்

தெற்கு ஆஸ்திரேலியாவில் மரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கி.மீ. மண்சாலை. இதில் வண்டி ஓட்டிப் போய்க் கூடாரம் போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: அண்ணா, ஜூலையில் மெல்போர்னிலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறோம். எங்களுடையது சாதாரண எஸ்யூவி, ஃபோர்வீல் டிரைவ் இல்லை. போகலாமா?

தரை காய்ந்திருந்தால், அடிப்பாகம் கொஞ்சம் உயரமாக இருந்தால் போகலாம் தம்பி. மழை பெய்துவிட்டால் ஃபோர்வீலும் உதவாது, சாலையையே மூடிவிடுவார்கள், மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம். அதனால் மாநில அரசின் சாலை நிலவரத்தைக் கிளம்பும் அன்று மட்டுமல்ல, வழியில் ஒவ்வொரு ஊரிலும் பாருங்கள். இரண்டு மூன்று நாள் கூடுதலாக விடுப்பும் எடுத்து வையுங்கள். திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறதே என்று சேற்றில் இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஜனவரியில்தான் லீவு கிடைக்கும்.

வேண்டாம். ஊட்னடட்டாவில் 1960 ஜனவரி 2-ஆம் தேதி 50.7 டிகிரி பதிவானது. மே முதல் செப்டம்பருக்குள் பாருங்கள்.

கேள்வி: பெட்ரோலுக்குத் தனி கேன் வேண்டுமா?

மரீ, வில்லியம் கிரீக், ஊட்னடட்டா, மார்லா நான்கிலும் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஏறக்குறைய 200 கி.மீ. கிளைப் பாதைகளில் சுற்றுவதாக இருந்தால் ஒரு கேன் வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே போன் செய்து பங்க் திறந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டயர் கிழியும் என்று பயமுறுத்துகிறார்களே?

பயமுறுத்தவில்லை, கிழியும். கூரான சரளைக்கல், அதோடு தகரக் கூரை மாதிரி வரிவரியாக எழும்பிய தரை. தார்ச்சாலையில் வைக்கும் காற்றையே இங்கேயும் வைத்தால் டயர் வளைந்து கொடுக்காமல் கல்லில் குத்து வாங்கும். பல வண்டிகளுக்கு 28, 30 பிஎஸ்ஐ சரியாக இருக்கும், சுமைக்குத் தக்கபடி கொஞ்சம் மாறும். ஆனால் காற்றைக் குறைத்துவிட்டு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும், மணிக்கு 80 கி.மீ.-ஐத் தாண்டாதீர்கள். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை ஏற்ற ஒரு சிறிய கம்ப்ரஸர் வேண்டும், முழு அளவு ஸ்பேர் இரண்டு இருந்தால் நிம்மதி. ஜாக்கி மண்ணில் புதையாமல் இருக்க அடியில் வைக்க ஒரு பலகையும் போட்டு வையுங்கள், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எதிரே ரோடு டிரெயின் (பல டிரெய்லர்களை இழுத்து வரும் நீளமான லாரி) வந்தால் ஓரம் கட்டி நின்று புழுதி அடங்கியபின் கிளம்புங்கள். இருட்டியபிறகு ஓட்டவே வேண்டாம், வேலியில்லாத நிலம், மாடும் கங்காருவும் குறுக்கே வரும்.

கேள்வி: எங்கே தங்கலாம்? வறண்ட ஓடையில் மணல் மெத்தென்று இருக்குமே?

ஓடையில் மட்டும் படுக்காதீர்கள், எங்கோ பெய்த மழை இங்கே வெள்ளமாக வரும். எனக்குப் பிடித்தது கோவர்ட் ஸ்பிரிங்ஸ். பேரீச்ச மரங்கள், ஊற்றுநீரில் குளிக்க ஒரு சிறிய தொட்டி, ஒரு இரவு போதாது. பக்கத்திலேயே பப்ளர் என்ற ஊற்று, மணலைக் கிளறிக்கொண்டு குமிழ் விடும். நிலத்தடியில் இருக்கும் பெரிய ஆர்ட்டீசியன் படுகையின் (அழுத்தத்தில் அடைபட்ட நிலத்தடி நீர்த்தேக்கம்) அழுத்தத்தால் மேலே வரும் தண்ணீர் அது. இந்த ஊற்றுகளை ஒட்டித்தான் பழங்குடிகளின் வணிகப் பாதை போனது, 1872-இல் தந்திக் கம்பி வந்தது, பிறகு 1980 வரை பழைய கான் ரயிலும் ஓடியது. வடக்கே அல்ஜிபக்கினாவில் 1892-இல் கட்டி முடித்த ரயில் பாலம் 578 மீட்டர் நீளம், அருகிலுள்ள நீர்க்குட்டையோரம் கூடாரம் போடலாம்.

கேள்வி: ஊற்று இருக்கிறதே, குடிதண்ணீர் சுமக்க வேண்டுமா?

அது உப்புச் சேர்ந்த நீர், குளிக்கத்தான். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 7 லிட்டராவது, அதற்குமேல் சில நாளுக்கு உபரி.

கேள்வி: சிக்னல் இல்லாத இடத்தில் வண்டி நின்றுவிட்டால்?

வண்டியை விட்டு நடக்காதீர்கள். மேலிருந்து தேடுகிறவர்களுக்கு மனிதனைவிட வண்டி சீக்கிரம் தெரியும். சேட்டிலைட் போனோ அவசர பீக்கனோ (ஆபத்தில் மீட்புக் குழுவுக்குச் சிக்னல் அனுப்பும் கருவி) வாடகைக்குக் கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சமையல் சாமான் வீட்டிலிருந்தே கொண்டுவரலாமா?

அரிசி, பருப்பு, பொடி வகைகள் தாராளமாக. தக்காளி, பச்சை மிளகாய், பழங்கள் வேண்டாம், பழ ஈ கட்டுப்பாடு இருப்பதால் விக்டோரியாவிலிருந்து மாநில எல்லை தாண்டும்போது அவற்றைக் குப்பையில் போட வேண்டியிருக்கும். போர்ட் அகஸ்டாவில் பெரிய கடைகள் இருக்கின்றன, அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.