2147483647: கேள்விகளும் பதில்களும்

2³¹ − 1, அதாவது 2147483647 என்ற பகா எண்ணைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: கணினி இல்லாத காலத்தில் இது பகா எண் என்று எப்படி உறுதிசெய்தார்கள்?

பதில்: 1772இல் கணிதவியலாளர் ஆய்லர் செய்தார். இதன் வர்க்கமூலம் 46340ஐச் சற்றே தாண்டும். அதுவரையுள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுத்துப் பார்ப்பது பெரும்பாடு. ஆய்லர் முதலில் வேலையைக் குறைத்தார். ‘ப’ என்ற பகா எண் இதை மீதியின்றி வகுத்தால், ப − 1 என்பது 62ஆல் வகுபட்டாக வேண்டும். மேலும், 2³¹ஐப் ‘ப’ஆல் வகுத்தால் மீதி 1, எனவே 2³²க்கு மீதி 2. 2³² என்பது 2¹⁶இன் வர்க்கம் அல்லவா? ஆக, ‘ப’ஆல் வகுக்கும்போது ஒரு வர்க்கம் 2ஐ மீதியாகத் தருகிறது. அதற்கு, ‘ப’ஐ 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7தான் மீதி வர வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், 248ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதியாகும் எண்களே தேறும். 46340க்குள் அவை 373தான். அவற்றிலும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். 63, 249 பகு எண்கள். முதலில் சோதிக்க வேண்டியது 311. வகுத்துப் பாருங்கள், மீதி 35. எனக்கு இன்றும் மலைப்பூட்டும் நிரூபணம் இது.

கேள்வி: 31 பகா எண் என்பதால்தானே 2³¹ − 1 பகா எண்ணாயிற்று?

பதில்: இல்லை. அடுக்கு பகா எண்ணாக இருப்பது அவசியம், ஆனால் போதாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதற்கு இரட்டைப் பகா எண், அதாவது இதிலிருந்து 2 மட்டும் தள்ளியிருக்கும் பகா எண், உண்டா?

பதில்: இல்லை. 2147483645ஐ 5 வகுக்கும், 2147483649ஐ 3 வகுக்கும்.

கேள்வி: 23 பகா எண். அப்படியானால் 2²³ − 1?

பதில்: 47 × 178481. இதே கேள்விக்கு மேலேயே பதில் சொல்லிவிட்டேன். அடுக்கை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள்.

கேள்வி: 2038இல் கணினிகளின் கடிகாரம் இந்த எண்ணில் முட்டி நிற்குமாமே?

பதில்: 32 பிட்டில் நொடிகளை எண்ணும் அமைப்புகளுக்கு அந்தச் சிக்கல் உண்டு. கணினி வல்லுநர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: 3, 7, 127 என்றும் 5, 31, 2147483647 என்றும் சங்கிலி போகிறது. மெர்சென் பகா எண்ணையே, அதாவது 2இன் அடுக்கில் 1ஐக் கழித்துக் கிடைக்கும் பகா எண்ணையே, மறுபடி 2க்கு அடுக்காக வைத்து 1ஐக் கழித்தால் பகா எண்தானே வரும்?

பதில்: அழகான ஊகம், ஆனால் தவறு. 2¹³ − 1 = 8191 பகா எண். அதையே அடுக்காக வைத்தால் வருவது பகு எண். 1953இல் கணினியால் கண்டறிந்தார்கள்.

கேள்வி (அவரே): அது வேறு சங்கிலி. 31இன் சங்கிலி தொடரலாமே?

பதில்: தொடரவில்லை. 2147483647ஐ அடுக்காக வைத்து, வருவதில் 1ஐக் கழித்தால் கிடைக்கும் எண்ணை 295257526626031 மீதியின்றி வகுக்கிறது. நீங்களே ஒரு பாதியைச் சரிபார்க்கலாம்: இந்த வகுக்கும் எண்ணில் 1ஐக் கழித்தால் 2147483647 × 137490. ஆய்லர் 31ஐக் கொண்டு கேட்ட நிபந்தனை இங்கே 2147483647ஐக் கொண்டு நிறைவேறியிருக்கிறது. உங்கள் சங்கிலி அறுந்த இடத்திலும் அவருடைய விதி அறவில்லை.

கேள்வி: இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாமா?

பதில்: முடியாது. 4ஆல் வகுத்தால் மீதி 3.