கேள்வி பதில்: அது எந்த எலி?

கேள்வி: என் மாமனாருக்குக் கணையத்தில் புற்றுநோய். பேப்பரில் அடிக்கடி ‘எலிகளுக்குப் புற்றுநோய் குணமானது’ என்று வருகிறது, சொந்தக்காரர்கள் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். எலிக்குக் குணமாகிற நோய் மனுஷனுக்கு ஏன் ஆவதில்லை சார்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அடுத்த தடவை அப்படி ஒரு செய்தி வந்தால் அது எந்த எலி என்று பாருங்கம்மா. உடம்பில் ரோமமே இல்லாத, தைமஸ் சுரப்பி இல்லாமல் எதிர்ப்புச் சக்தி குன்றிப் பிறக்கிற ஒரு ரகச் சுண்டெலி உண்டு. லேபில் வருஷக்கணக்காக வளர்த்துவரும் மனிதப் புற்றுச் செல்களை அதன் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றிவிட்டால் சில வாரத்தில் பட்டாணி அளவு கட்டி வந்துவிடும், மருந்து கொடுத்துக் காலிப்பரால் அளந்து பார்ப்பார்கள், சுருங்கியிருந்தால் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். ஆனால் அந்தக் கட்டி எலிக்குத் தானாக வந்ததில்லை, கொண்டுபோய் நட்டது.

மரபணு மாற்றிய எலி வேறு விஷயம். கணையப் புற்றுநோய்க்காரர்களில் பத்தில் ஒன்பது பேருக்காவது கேராஸ் என்ற மரபணு கெட்டுப்போயிருக்கும். கெட்ட கேராஸை எலியின் எல்லாச் செல்லிலும் வைத்தால் கருவிலேயே செத்துவிடும் என்பதால் அந்த மரபணுவின் முன்னால் ஒரு பூட்டு வைக்கிறார்கள். சாவி, கிரீ என்கிற நொதி. பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்தது. அந்த நொதி கணையச் செல்களில் மட்டும் உருவாகும்படி செய்தால் பூட்டும் அங்கே மட்டும்தான் அறுபடும். செல் தாறுமாறாகப் பெருகாமல் காவல் காக்கிற பி53 மரபணுவையும் இதே வழியில் கெடுத்து, 2005-ல் ஒரு எலியை உருவாக்கினார்கள். அதற்குக் கணையத்தில் தானாகக் கட்டி வந்தது, கல்லீரலுக்குப் பரவியது, வயிற்றில் நீர் கோத்தது, ஐந்து மாதம் வாக்கில் செத்தது. மனிதர்களுக்கு வருவது போலவேதான்.

கேம்பிரிட்ஜில் டேவிட் டுவெசன் குழு இந்த எலிக்கு ஜெம்சிடபைன் என்ற கீமோ மருந்தைக் கொடுத்துப் பார்த்தது, 2009-ல் வெளியான ஆய்வு. உங்கள் மாமனாருக்கும் அந்த மருந்தின் பெயர் பழகியிருக்கலாம். நட்டு வளர்த்த கட்டியில் வேலை செய்த மருந்து, தானாக வந்த கட்டிகளில் பெரும்பாலானவற்றை அசைக்கவே இல்லை, ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பார்த்துவந்ததும் அதுதான். கட்டியைச் சுற்றி நார்போல இறுகிய திசு, உள்ளே போகிற ரத்தக் குழாயே குறைவு, அப்புறம் மருந்து எப்படிப் போய்ச் சேரும்? சரி, அந்த நாரைக் கரைத்தால்? கரைக்கிற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள், சிகிச்சை தொடங்கியபின் எலிகள் பிழைத்திருந்த காலம் 11 நாளிலிருந்து 25 நாளானது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. நோயாளிகளிடம் சோதித்தபோது அந்த மருந்தைச் சேர்த்துக்கொண்டவர்களின் நிலைமை சேர்க்காதவர்களைவிட மோசமாக, 2012 தொடக்கத்தில் சோதனையை நிறுத்தினார்கள். ஏன் என்ற பதிலும் எலியிடமிருந்தே 2014-ல் கிடைத்தது: நாரை நீக்கிய எலிகளில் புற்று இன்னும் மூர்க்கமாக வளர்ந்தது, அதாவது அந்த நார் மருந்தைத் தடுத்தது போலவே புற்றையும் ஓரளவு கட்டிப்போட்டிருந்தது.

எலி கைகொடுத்த கதையும் இருக்கிறது. ஏபிஎல் என்ற ரத்தப் புற்றுநோயில் இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டு மரபணுவை வைத்து உருவாக்கிய எலிகளில், வைட்டமின் ஏ வகை மருந்து ஒன்றையும் ஆர்செனிக்கையும் (ஆமாம், பாஷாணம்தான், தனியாக அதைச் சீன மருத்துவர்கள் ஏற்கெனவே நோயாளிகளுக்குக் கொடுத்துவந்தார்கள்) சேர்த்துக் கொடுத்தால் நோய் வேரோடு போவது தெரிந்தது. இன்று அந்த நோயில் பெரும்பாலானவர்கள் கீமோ இல்லாமலே குணமாகிறார்கள்.

மாமனாருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததை வாட்ஸ்அப் செய்தியை நம்பி மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எலிக்குக்கூடப் பேட்டன்ட் உண்டாமே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்டு. புற்றுநோய் வரும்படி மரபணு மாற்றிய ஹார்வர்டின் ஆங்கோமவுஸ் என்ற எலிக்கு அமெரிக்கா 1988 ஏப்ரலில் கொடுத்தது. உரிமம் ட்யூபான்ட் கம்பெனியிடம் போனது. அதுவரை ஒரு லேபிலிருந்து இன்னொரு லேபுக்கு எலி கேட்டால் கூண்டில் போட்டு அனுப்பிவிடுவார்கள், பக்கத்து வீட்டில் தயிருக்கு உறை மோர் வாங்குகிற மாதிரி. கம்பெனியோ, எலியை வைத்துக் கண்டுபிடிக்கும் மருந்திலும் தனக்குப் பங்கு வேண்டும் என்றது. பெரிய சண்டையாகி, பிறகு 2000-ல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு அமைப்போடு ஒப்பந்தம் போட்டு, லாப நோக்கமில்லாத ஆய்வுக்கு விட்டுக்கொடுத்தது. கனடா உச்ச நீதிமன்றம் 2002-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் எலிக்குப் பேட்டன்ட் கிடையாது என்றது. என் ஓட்டும் கனடாவுக்குத்தான்.

கேள்வி: வாயில்லா ஜீவனுக்கு வேண்டுமென்றே நோயைக் கொடுப்பது பாவமில்லையா?
– மாணவி, மதுரை

பதில்: பாவம்தான். நம் நாட்டில் ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும், எந்தக் கட்டத்தில் எலியை வதையில்லாமல் முடிக்க வேண்டும் என்றும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன கணைய எலிக்கு மூன்று மாற்றங்களும் (கேராஸ், பி53, கிரீ) ஒரே குட்டியில் சேர வேண்டும், கணக்குப்படி எட்டுக் குட்டியில் ஒன்றுக்குத்தான் சேரும். காது நுனியில் ஒரு துளி கிள்ளி மரபணுவைச் சோதித்துப் பிரிப்பார்கள். மீதி ஏழில் சில ஒப்பீட்டுக்கு, பல நேராகச் சாவுக்கு.

அப்புறம் இன்னொன்று. லேப் கூண்டுகளை 22 டிகிரி வாக்கில் வைத்திருப்பது நம் வசதிக்காக. சுண்டெலிக்கு இதமானது 30. அந்த இதத்தில் வைத்தபோது எலிகளின் கட்டி மெதுவாக வளர்ந்ததை 2013-ல் ஒரு அமெரிக்கக் குழு காட்டியது. கூண்டில் கொஞ்சம் கூடுதலாகப் பஞ்சு போட்டால் போதும், அதுவே கூடு கட்டிச் சுருண்டு படுத்துக்கொள்ளும்.