துருசைத் திறந்தவர்கள் ‘சப்வேர்ட்’ செய்தார்களா?

மட்டக்களப்பு மாவட்டத்தின் வெல்லாவெளிப் பக்கம் கள அலுவலராக வேலை செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி தீர்மானமாகியிருந்தது. அதற்கு நாலு நாள் முந்தி, இரவோடிரவாகச் சிலர் வாய்க்கால் துருசை, அதாவது மதகை, திறந்துவிட்டார்கள். கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய ஆங்கில அறிக்கையில், விவசாயிகள் நீர்ப்பாசன அலுவலரின் அதிகாரத்தை ‘சப்வேர்ட்’ செய்தார்கள் என்று எழுதினேன். அகராதியில் ‘அதிகாரத்தைக் குலைத்தல்’ என்றுதான் இருந்தது. அங்கிருந்து அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, ‘இதைத்தான் சொல்ல வந்தீர்களா?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ‘அண்டர்மைன்’ என்று மாற்றினால் போதுமா? இரண்டும் ஒன்றுதானே?”

இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் எழுதிய வசனத்துக்கு இரண்டுமே பொருந்தவில்லை. அந்தச் சொல்லில் கோடு போட்டவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

‘சப்வேர்ட்’ இலத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘சப்’ என்றால் கீழே, அடியில். ‘வேர்ட்டெரே’ என்றால் திருப்புதல். நீர்ப்பாசனத்தோடு பழகும் உங்களுக்கு இதன் உறவுக்காரச் சொல் ஒன்று நன்றாகத் தெரியும்: ‘டைவேர்ட்’. வாய்க்கால் தண்ணீரை வேறு பக்கம் திருப்புவது டைவேர்ட்; ஒன்றை அடியிலிருந்து புரட்டிப் போடுவது சப்வேர்ட். தமிழில் இதற்கு மிகக் கிட்ட நிற்கும் வினை ‘புரட்டு’தான். ஏட்டைப் புரட்டுவதும் புரட்டு, ஏமாற்றும் புரட்டு, ‘புரட்சி’யும் அதே வேரிலிருந்து வருவது. திருப்புதல், வஞ்சகம், ஆட்சி மாற்றம் என்ற மூன்று சாயலும் சப்வேர்ட் என்ற ஒரே சொல்லுக்குள் கலந்து கிடக்கின்றன. அகராதியின் ‘குலைத்தல்’ இந்தப் பாரத்தில் கால்வாசியைக்கூடச் சுமக்காது.

‘அண்டர்மைன்’ மண் வெட்டுகிறவர்களின் சொல். ‘அண்டர்’ கீழே, ‘மைன்’ சுரங்கம் தோண்டு. பழைய காலத்தில் கோட்டையைப் பிடிக்க வந்த படை, மதிலின் அத்திவாரத்துக்குக் கீழே குடைந்து, மேலே இருப்பது உடனே விழாமல் மரக்கால் முட்டுக் கொடுத்து வைக்கும். பிறகு அந்த மரங்களுக்கு நெருப்பு வைக்கும். முட்டு எரிந்து போக மதில் தானாகச் சரியும். 1215இல் இங்கிலாந்தின் ரொச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்ட ஜோன் மன்னன், இப்படி நட்ட முட்டுகளைக் கொழுப்பு ஊற்றி எரிப்பதற்காக 40 கொழுத்த பன்றிகளை அனுப்பும்படி கட்டளையிட்டான். கோட்டையின் ஒரு மூலை இடிந்து விழுந்தது. அந்த மூலையைப் பிறகு வட்டமாகக் கட்டினார்கள். மற்ற மூலைகள் இன்றைக்கும் சதுரமாகவே நிற்கின்றன. தமிழில் ஒருவனுக்கு ‘குழி பறிக்கிறான்’ என்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இருப்பதும் இதே படம்தான்.

ஆனால் குழி பறிக்கிறவனுக்கு எப்போதும் கெட்ட எண்ணம் இருக்கும். அண்டர்மைன் செய்வதற்கு எண்ணமே தேவையில்லை. வயல் வரம்பில் நண்டு வளை வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வரம்பை உடைக்க வேண்டும் என்பது நண்டின் நோக்கமல்ல. அதற்கு ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான். வளை வழியே தண்ணீர் கசிந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகும். மேலே புல் பச்சையாகவே நிற்கும். ஒருநாள் விடியற்புறம் போய்ப் பார்த்தால் வரம்பு நடுவில் அமிழ்ந்து, மேல்வயல் தண்ணீர் முழுக்கக் கீழ்வயலுக்குள் நிற்கும். அண்டர்மைன் என்ற வினையின் குணம் மூன்றும் இதற்குள் இருக்கிறது: மெதுவாக நடக்கும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும், செய்கிறவர் நினைத்துத்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

அதனால்தான் இந்த வினைக்கு எழுவாயாக ஆள் மட்டுமல்ல, எதுவும் வரலாம். தாமதம், வதந்தி, மழை, தவறான கணக்கு, அலுவலர் கூட்டத்துக்கு வராமல் விட்டது, எல்லாம் அண்டர்மைன் செய்யும். ஒருவர் தன் அதிகாரத்தைத் தானே அண்டர்மைன் செய்துகொள்வதும் உண்டு. தண்ணீர் முறை இன்ன நாள் என்று அறிவித்துவிட்டு மூன்று தரம் திகதி மாற்றிய அலுவலரைப் பற்றி அப்படி எழுதலாம், அது மிகச் சரியான ஆங்கிலம். ‘சிறிது’, ‘கடுமையாக’, ‘மேலும்’ என்று அளவுச் சொற்களும் இதனோடு ஒட்டும். நம்பிக்கை, முயற்சி, நற்பெயர், அதிகாரம், சமாதானம் ஆகியவை இதன் வழக்கமான செயப்படுபொருள்கள்.

சப்வேர்ட்டுக்கு இந்தச் சலுகை ஒன்றும் கிடையாது. அதை எழுதினால் நீங்கள் ஒருவர் மீது குற்றம் சுமத்துகிறீர்கள். எழுதுமுன் மூன்று கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். செய்தவர் தெரிந்து, திட்டத்தோடு செய்தாரா? அவர் குறிவைத்தது ஒரு கட்டளையை மட்டுமல்ல, அந்தக் கட்டளை பிறக்கும் அமைப்பையே அல்லது முறையையே தானா? வெளியிலிருந்து மோதாமல், உள்ளே இருந்து அல்லது மறைவாகப் புரட்டினாரா? மூன்றுக்கும் ‘ஓம்’ என்றால் எழுதுங்கள். இரண்டாவது கேள்வியில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். கட்டளையை மீறுவதும் கட்டளையிடும் முறையைக் கவிழ்ப்பதும் வேறு வேறு.

தண்ணீர் விஷயத்தையே வைத்துச் சொல்கிறோம். வாய்க்காலில் முறைத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கிறது. அவர் புத்தகத்தில் முறைப்படி எல்லார் பெயரையும் நேரத்தையும் ஒழுங்காக எழுதுகிறார், ஆனால் இரவில் துருசைத் தன் பக்கத்தாருக்கு மட்டும் திறந்து விடுகிறார். யாராவது முறைப்பாடு செய்தால் புத்தகத்தைக் காட்டுகிறார். முறை இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. நீதியாகப் பங்கிடுவதற்கு வைத்த முறையே அநீதிக்கு மறைப்பாகிவிட்டது. இதுதான் சப்வேர்ட். கமக்காரர் அமைப்பின் தெரிவுக்கு முதல் அங்கத்தவர் பட்டியலில் அந்த வயற்பரப்பில் காணியே இல்லாதவர்களின் பெயர்களை நுழைத்துவிட்டு, நாளன்று வாக்கெடுப்பை ஒழுங்காக நடத்தினால், அதுவும் சப்வேர்ட்தான். வாக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அது வேறு சொல்.

இனி உங்கள் துருசுக்கு வருவோம். திகதிக்கு முந்தித் திறந்தவர்கள் யார், எத்தனை பேர், ஏன் திறந்தார்கள் என்று உங்கள் கேள்வியில் இல்லை. அறிக்கையிலும் இல்லை என்றே தோன்றுகிறது. நாற்று கருகுகிறதே என்ற பதைப்பில் திறந்திருக்கலாம். விதைப்பு முந்திவிட்டதால் திறந்திருக்கலாம். அலுவலரின் அதிகாரத்தைக் கவிழ்ப்பது அவர்களுடைய நோக்கம் என்று காட்ட உங்களிடம் எதுவும் இல்லை. ஆக முதல் கேள்வியிலேயே சொல் தோற்றுப் போகிறது.

இன்னொரு பிழையும் அந்த வசனத்தில் ஒளிந்திருக்கிறது, அது சொல்லைவிடப் பெரியது. தண்ணீர் திறக்கும் திகதியை அலுவலர் தனியே போடவில்லை. ஆரம்பக் கூட்டம் என்பது விவசாயிகளும் அலுவலர்களும் சேர்ந்திருந்து முதல் தண்ணீர், விதைப்புக் கடைசி நாள், மாடு அகற்றும் நாள் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் இடம். ஆகவே இரவில் மீறப்பட்டது அலுவலரின் அதிகாரம் மட்டுமல்ல, மற்ற விவசாயிகள் ஒப்புக்கொண்ட தீர்மானம். உங்கள் வசனத்தை வாசிக்கும் கொழும்புக்காரருக்கு ‘விவசாயிகள் ஒரு பக்கம், அரசாங்கம் மறுபக்கம்’ என்ற படம் வரும். நடந்ததோ சில விவசாயிகள் ஏனைய விவசாயிகளோடு செய்த உடன்பாட்டை மீறியது. அதிலும் ‘விவசாயிகள்’ என்று பொதுவாக எழுதியதால் ஊர் முழுக்கக் குற்றத்துக்குள் வந்துவிட்டது. ‘சிலர்’ என்ற ஒரு சொல் அங்கே கட்டாயம் வேண்டும்.

கிழக்கில் இருந்து எழுதும்போது இதை இன்னும் கவனிக்கச் சொல்வோம். சப்வேர்ட்டின் பெயரடை ‘சப்வேர்சிவ்’. நாட்டின் பாதுகாப்புச் சொல்வழக்கில் அது பல பத்தாண்டுகளாக ஊறிய சொல். தமிழ்ப் பத்திரிகைகளில் ‘நாசகார’ என்று வந்தது அதுதான். நீங்கள் எழுதும் அறிக்கை இன்றைக்கு ஒரு மேசையில் இருக்கும், நாளைக்கு எந்தக் கோவையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. வயல் தண்ணீர்ப் பிரச்சினையில் ஒரு கிராமத்தின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் நிற்கக் கூடாது. நீங்கள் அதை நினைத்து எழுதவில்லை என்பது வாசிக்கிறவருக்குத் தெரியப் போவதில்லை.

அப்படியானால் எது பொருத்தம்? ‘டிபை’ என்ற வினை உண்டு, முகத்துக்கு நேரே எதிர்த்து நிற்பது. இரவில் மறைவாகத் திறந்ததற்கு அது சேராது. ‘இன்சபோடினேஷன்’ மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ் அலுவலர் பணிய மறுப்பது. விவசாயிகள் அலுவலருக்குக் கீழ் வேலை செய்பவர்கள் அல்லவே. ‘ஓவர்த்ரோ’ முழுதாகத் தூக்கி வீழ்த்துவது. ‘சபொட்டாஜ்’ உடைத்துச் சேதம் செய்வது; துருசின் பலகையையோ திருகையோ உடைத்திருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம். தீர்மானத்தை மீறினார்கள் என்பதற்கு ‘பிரீச்’ போதும். அதைவிட நல்லது, வினைக்குப் போடும் பட்டத்தை விட்டுவிட்டு நடந்ததை எழுதுவது: ‘சம் ஃபார்மர்ஸ் ஓபின்ட் த ஸ்லூஸ் ஃபோர் டேஸ் பிஃபோர் த டேட் அக்ரீட் அற் த கல்டிவேஷன் மீட்டிங்.’ சில விவசாயிகள், கூட்டத்தில் ஒப்புக்கொண்ட திகதிக்கு நாலு நாள் முந்தித் துருசைத் திறந்தார்கள். இந்த வசனத்தை யாரும் கோடு போட்டுத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

அண்டர்மைனுக்கும் ஒரு இடம் கிடைக்கலாம், ஆனால் அடுத்த வசனத்தில், விளைவைச் சொல்லும்போது. அந்த இரவுக்குப் பிறகு மற்ற வாய்க்கால்காரரும் ‘அவங்க திறந்தாங்களே’ என்று சொல்லித் தங்கள் முறைக்கு முந்தித் திறக்கத் தொடங்கினார்களா? தொடங்கியிருந்தால், ‘திஸ் ஹேஸ் அண்டர்மைன்ட் த ரொட்டேஷன்’, அதாவது இது முறைத் தண்ணீர் ஒழுங்கை அரித்துவிட்டது என்று எழுதலாம். எழுவாய் ‘இது’, ஆட்கள் அல்ல. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றால் அந்த வசனமே வேண்டாம்.

இலக்கணத்தில் அடிக்கடி வரும் தவறுகளையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு வினைக்கும் செயப்படுபொருள் நேரே வர வேண்டும். ‘அகெய்ன்ஸ்ட்’, ‘டு’, ‘ஒன்’ எதுவும் இடையில் வராது. ‘அதிகாரத்துக்கு எதிராக’ என்று தமிழில் யோசிப்பதால்தான் ‘சப்வேர்ட் அகெய்ன்ஸ்ட்’ என்று கை எழுதிவிடுகிறது. சப்வேர்ட்டின் எழுத்துகள் எஸ், யூ, பி, வீ, ஈ, ஆர், ரீ. இறந்தகாலத்துக்கு ஈ, டீ சேர்த்தால் போதும், ரீ இரட்டிக்காது. பெயர்ச்சொல்லில் ரீ போய் எஸ், ஐ, ஓ, என் வரும்: சப்வேர்ஷன். உச்சரிப்பில் அழுத்தம் பின் அசையில், ‘சப்’ மெல்லியது. அண்டர்மைனிலும் அழுத்தம் கடைசி அசையான ‘மைன்’ மேல்தான், பலர் ‘அண்’ணில் போடுகிறார்கள்.

அண்டர்மைனில் வேறொரு குழப்பம் அலுவலகங்களில் நாளும் கேட்கிறது. ‘டோன்ட் அண்டர்மைன் மை அபிலிட்டி’ என்று சொல்லி, ‘என் திறமையைக் குறைவாக எடை போடாதே’ என்று நினைக்கிறார்கள். அதற்குச் சொல் ‘அண்டரெஸ்டிமேட்’. ஒருவர் மனதில் உங்களைக் குறைத்து மதிப்பது அண்டரெஸ்டிமேட். உங்கள் காலுக்குக் கீழே மண்ணை எடுப்பது அண்டர்மைன். மேலதிகாரியிடம் சொல்லும்போது இரண்டாவது ஒரு குற்றச்சாட்டு.

‘பெர்வேர்ட்’ என்ற உறவுச் சொல்லோடும் கலக்க வேண்டாம். நீதிமன்ற நடவடிக்கையைக் கோணலாக்குவதற்கு ஆங்கிலச் சட்ட வழக்கு ‘பெர்வேர்ட் த கோர்ஸ் ஒஃப் ஜஸ்டிஸ்’ என்பது. அங்கே சப்வேர்ட் போட்டால் வழக்கறிஞர் திருத்துவார்.

சப்வேர்ட் நல்ல பொருளிலும் வரும் இடம் ஒன்று உண்டு: கலை விமர்சனம். வடமோடிக் கூத்தில் காலம் காலமாக வீரனாக வந்தவனைக் கோழையாகவும், எதிரியாக வந்தவனை நியாயம் பேசுகிறவனாகவும் மாற்றி எழுதினால், பார்வையாளரின் எதிர்பார்ப்பை அந்தப் பிரதி சப்வேர்ட் செய்கிறது என்பார்கள். அது பாராட்டு. இங்கேயும் மூன்று கேள்விக்கும் ‘ஓம்’ வருவதைப் பாருங்கள்: நினைத்துச் செய்தது, வடிவத்தையே குறிவைத்தது, கூத்தின் உள்ளே நின்று செய்தது.

அறிக்கையைத் திருத்தும்போது வேறு யாருக்கும் பழைய பிரதி போயிருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக அச்சிட்டு, ‘3ஆம் பந்தி திருத்தப்பட்டது, முந்தைய பக்கத்தை நீக்கவும்’ என்று திகதியோடு ஒரு வரி எழுதி எல்லாருக்கும் அனுப்புங்கள். மின்னஞ்சலில் போன கோப்பாக இருந்தால் கோப்பின் பெயரிலேயே ‘திருத்தியது’ என்று சேர்த்துவிடுங்கள். பந்தி எண்ணையும் பக்க எண்ணையும் உங்கள் அறிக்கையில் உள்ளபடி போட மறக்க வேண்டாம்.