தவழும் பிள்ளையும் தரையோரப் பிளக் பொயிண்டும்

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு பழைய தொடர்மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் மகளுக்குப் பத்து மாதம். தவழத் தொடங்கிய நாள்முதல் சுவரின் அடிப்பக்கத்திலுள்ள பிளக் பொயிண்டுகளை நோக்கியே போகிறாள். வீட்டில் சதுரத் துளைப் பொயிண்டுகளும் பழைய வட்டத் துளைப் பொயிண்டுகளும் கலந்திருக்கின்றன. இணையத்தில் விற்கும் பிளாஸ்டிக் மூடிகளை எல்லாவற்றிலும் செருகிவிட்டால் போதுமா? வயரிங்கில் கைவைக்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்பதும் தெரியவில்லை.

பதில்: சதுரத் துளை கொண்ட 13 அம்பியர் பொயிண்டுகளுக்கு அந்த மூடிகளை வாங்க வேண்டாம்; ஏற்கெனவே செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். உங்கள் மகளுக்கு ஆபத்து இருப்பது பெரும்பாலும் வேறு இடங்களில்தான். பணத்தையும் கவனத்தையும் அங்கே செலவிடுவதே சரி.

13 அம்பியர் பொயிண்டின் அமைப்பை முதலில் பார்ப்போம். பிரித்தானியாவில் 1947 இல் உருவான பி.எஸ். 1363 தரத்தைச் சேர்ந்த இந்தப் பொயிண்டில், மின்சாரம் வரும் கீழிரண்டு துளைகளுக்கும் உட்புறத்தில் ஒரு தடுப்பு இருக்கும். பிளக்கின் மேல் பின், அதாவது புவித்தொடுப்புப் பின், மற்ற இரண்டையும்விட நீளமானது. அது முதலில் உள்ளே போய் அந்தத் தடுப்பை விலக்கிய பிறகே மற்றப் பின்கள் நுழைய முடியும் என்பதே பெரும்பாலான பொயிண்டுகளில் உள்ள ஏற்பாடு. ஆகவே நல்ல நிலையிலுள்ள ஒரு 13 அம்பியர் பொயிண்டின் கீழ்த்துளையில் பிள்ளை கொண்டை ஊசியை நுழைக்க முயன்றாலும், அது உயிர்க்கம்பி வரை போகாது.

பிளாஸ்டிக் மூடி இந்தப் பாதுகாப்பைக் கெடுக்கிறது. மூடிகளின் பின்கள் பிளக்கின் அளவுக்குச் சரியாகச் செய்யப்படுவதில்லை. தடித்த பின்கள் உள்ளிருக்கும் பித்தளைப் பிடிகளை விரித்துவிடுவதால், பின்னர் செருகப்படும் உண்மையான பிளக் தளர்ந்து நின்று சூடேறும். மெல்லிய பின்கள் என்றால் பிள்ளையே இழுத்து எடுத்துவிடும். அவ்வாறு எடுத்த மூடியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் நீளப் பின்னை மட்டும் மேல்துளையில் செருகினால் தடுப்பு திறந்துகொள்ளும். மூடியோ பொயிண்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்க, கீழிரண்டு துளைகளும் மறைப்பின்றித் தெரியும். இத்தகைய காரணங்களால்தான் இங்கிலாந்தின் சுகாதாரத் திணைக்களம் மருத்துவமனைகளிலும் பராமரிப்பு நிலையங்களிலும் இந்த மூடிகளைப் பயன்படுத்த வேண்டாமென 2016 இல் எச்சரித்தது.

உங்கள் வீட்டுப் பொயிண்டுகளில் தடுப்பு ஒழுங்காக உள்ளதா என்று பார்ப்பது எளிது. பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு, டோர்ச் ஒளியைக் கீழ்த்துளைகளுக்குள் பாய்ச்சிப் பாருங்கள். பிளாஸ்டிக் திரை தெரிந்தால் நன்று. மஞ்சள் நிறப் பித்தளை தெரிந்தால் தடுப்பு உடைந்திருக்கிறது அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது, அந்தப் பொயிண்டை மாற்றத்தான் வேண்டும். எதையும் உள்ளே குத்திச் சோதிக்க வேண்டாம்.

தடுப்பு ஏன் உடைகிறது? நம் வீடுகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் ஒரு பழக்கமே முக்கிய காரணம். இரண்டு பின் கொண்ட பிளக்கைச் செருக வேண்டி, மேல்துளையில் பேனாவையோ ஸ்குரூ டிரைவரையோ அழுத்திப் பிடித்துத் தடுப்பைத் திறக்கிறோம். டெங்குக்குப் பயந்து கொழும்பில் கட்டிலருகே இரவு முழுவதும் எரியும் திரவ நுளம்பு விரட்டிகளில் பல இவ்வாறுதான் செருகப்படுகின்றன. தடுப்பு பழுதாவது ஒரு பக்கம் இருக்க, பொயிண்டுக்குள் பேனாவைக் குத்தலாம் என்பதைப் பிள்ளை நம் கையைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. இது எனக்கு மிகுந்த கவலை தரும் பழக்கம். தரையோரத்தில் செருகிய நுளம்பு விரட்டியைப் பிள்ளை பாதி இழுத்தால் பின்களில் விரல் படலாம். முழுதாக இழுத்தால் மருந்துக் குப்பி கையில் வந்துவிடும். இரண்டு பின் கருவிகளுக்கு உருகி (பியூஸ்) உள்ள 13 அம்பியர் கன்வேர்ட்டர் பிளக் வாங்கிப் பொருத்துங்கள்; நுளம்பு விரட்டியைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்திலுள்ள பொயிண்டுக்கு மாற்றுங்கள்.

வட்டத் துளைப் பொயிண்டுகளைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. 5 அம்பியர், 15 அம்பியர் என்று நாம் அழைக்கும் பழைய பொயிண்டுகள் பலவற்றில் தடுப்பே இல்லை. இலங்கையில் 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கையே தேசியத் தரமாகக் கொள்வதென 2016 இல் தீர்மானிக்கப்பட்டபோதும், பழைய வீடுகளில் இவை இன்னும் இருக்கின்றன. பாவிக்காத பொயிண்ட் என்றால் இணைப்பைத் துண்டித்து வெற்றுத் தகடு பொருத்திவிடுவதே மலிவானதும் நிலையானதுமான வழி. பாவிக்க வேண்டியதென்றால் 13 அம்பியராக மாற்றலாம். ஆனால் 5 அம்பியர் பொயிண்டுக்கு வரும் வயர் பெரும்பாலும் மெல்லியது என்பதால், முகப்பை மட்டும் மாற்றிவிட்டு அதில் கேத்தலையோ ஸ்திரிக்கைப் பெட்டியையோ செருகினால் சுவருக்குள் வயர் சூடேறும். வயரின் தடிப்பையும் அதற்குரிய பிரேக்கரின் அளவையும் பார்க்காமல் மாற்றித்தர முன்வருபவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம், என்.வி.கியூ. எனும் தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் பெற்ற எலக்ட்ரீஷியனைத் தேடுங்கள்.

எந்த வகைப் பிளக்கும் நுழையக்கூடிய அகன்ற துளைகள் கொண்ட எக்ஸ்டென்ஷன் கோட்டுகள் புறக்கோட்டைக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் ஏற்கும் துளை பிள்ளையின் கையிலுள்ள சாவியையும் ஏற்கும். அது தரையிலேயே கிடப்பதால் சுவர்ப் பொயிண்டைவிட ஆபத்தானது. சதுரத் துளை மட்டும் உள்ளதும் தடுப்புள்ளதுமான ஒன்றை எஸ்.எல்.எஸ். எனும் இலங்கைத் தர முத்திரை பார்த்து வாங்கி, மேசைக்குப் பின்னால் உயரத்தில் பொருத்துங்கள்.

இவ்வளவையும்விட முதலில் பார்க்க வேண்டியது பிரதான சுவிட்சுக்கு அருகிலுள்ள ட்ரிப் சுவிட்ச். உயிர்க்கம்பியால் போகும் மின்னோட்டமும் நொதுமல் கம்பியால் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடைவிடாது ஒப்பிடுகிறது. பிள்ளையின் உடலூடாக ஒரு பகுதி தரைக்குக் கசிந்தால் அந்தச் சமநிலை குலைந்து, இணைப்பைத் துண்டிக்கிறது. அதன் முகப்பில் 30 மில்லி அம்பியர் அல்லது 0.03 அம்பியர் என்று இருக்க வேண்டும். 100 என்றோ அதற்கு மேலோ இருந்தால் அது தீ விபத்தைத் தடுக்க உதவுமேயன்றி, ஆள் பாதுகாப்புக்குப் போதாது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது அழுத்துங்கள். சுவிட்ச் உடனே கீழே விழுந்து இணைப்பைத் துண்டிக்காவிட்டால் அது பழுது. ஒரு கையால் உயிர்க்கம்பியையும் மறு கையால் நொதுமலையும் பிள்ளை தொட்டு, தரைக்குக் கசிவு இல்லாதிருந்தால் இந்தச் சுவிட்ச் விழாது என்பதையும் மனதில் வையுங்கள். அதனால்தான் பொயிண்டுகளின் தடுப்பும் தேவைப்படுகிறது.

வீட்டுக்காரரிடம் வீடு முழுவதற்கும் புது வயரிங் கேட்க வேண்டாம். ட்ரிப் சுவிட்சையும் தரையோர வட்டத் துளைப் பொயிண்டுகளையும் மாற்ற மட்டும் அனுமதி கேளுங்கள். ஒரு நாளில் முடியும் வேலை; வீடும் அவருடையதாகையால் நன்மை அவருக்குமே. அவர் இணங்கும் வரை அந்தப் பொயிண்டுகளுக்கு முன்னால் பிள்ளையால் நகர்த்த முடியாத பாரமான அலுமாரியை வைக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வயதுப் பிள்ளை எதையும் வாயில் வைத்துத்தான் அறிகிறது. ரைஸ் குக்கரிலிருந்து கழற்றிய வயரின் மறுமுனை சுவரில் செருகியபடியே கிடந்தால், அந்த நுனியில் 230 வோல்ற்று இருக்கிறது. எச்சில் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சுவர்ப் பக்கத்தை முதலில் கழற்றுவதை வீட்டிலுள்ள எல்லோரும் பழக்கமாக்குங்கள்.

மின் தாக்கினால் பிள்ளையைத் தொடாமல் முதலில் பிரதான சுவிட்சை அணையுங்கள். முடியாதபோது காய்ந்த தடியால் வயரைத் தள்ளுங்கள். மூச்சில்லையென்றால் தெரிந்தவர் உடனே செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் கொடுக்க, மற்றவர் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்க வேண்டும். பிள்ளை அழுது ஓய்ந்து விளையாடத் தொடங்கினாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். வாயோரம் வெந்திருந்தால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும், பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தயங்காதீர்கள். அத்தகைய காயத்தின் கருகிய தோல் ஓரிரு வாரங்களில் உதிரும்போது உதட்டு நாடியிலிருந்து திடீரெனக் கடுமையாக இரத்தம் பெருகக்கூடும். அப்போது சுத்தமான துணியால் உதட்டை உள்ளும் புறமும் இரு விரல்களால் இறுக்கிப் பிடித்தபடியே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.