கல்லா ஒருவருக்கு, கட்டடம் ஒருவருக்கு

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிப்ரவரியில் டெட்ராய்ட் டவுன்டவுனில் வேலைக்குச் சேரப் போகிறீர்கள். அலுவலகக் கட்டடம் ஒருவருடையது, பார்த்து வைத்த அபார்ட்மென்டும் அவருடையது, எதிரில் இருக்கும் கார் பார்க்கிங்கும் அவருடையதே. "கேசினோவை விற்ற காசில் ஊரையே வாங்கிவிட்டாராமே, அரசாங்கமும் வரியைத் தூக்கி அவருக்கே கொடுக்கிறதாமே, இதை நம்பி வரலாமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரலாம். ஆனால் உங்களுக்குச் சொன்னவர் கதையைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். ஊரை வாங்கியது முதலில், கேசினோவை விற்றது பிறகு.

நான் 2006ல் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனிக்கு வந்தேன். அப்போது டவுன்டவுனில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஆள் நடமாட்டம் கிடையாது. சாலையின் இரும்பு மூடிகளிலிருந்து நீராவி மட்டும் கிளம்பிக்கொண்டிருக்கும். உட்வர்ட் சாலையில் ஒரு பெரிய வெற்றிடம். ஹட்சன்ஸ் என்ற பிரம்மாண்டமான பல்பொருள் அங்காடி இருந்த இடம் அது. கடையை 1983ல் மூடி, கட்டடத்தை 1998ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அடியில் வாகன நிறுத்தம் கட்டி, 'மேலே என்றைக்காவது யாராவது கட்டுவார்கள்' என்று தூண்களின் தலையை மட்டும் தரைக்கு மேலே நீட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நம் ஊரில் மாடி எடுக்கக் காசு வரும்வரை மொட்டை மாடியில் கம்பியை நீட்டி வைப்போமே, அதேதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஊர் ஞாபகம் வரும்.

நீங்கள் சொல்லும் அந்த ஒருவர் டான் கில்பர்ட். வீட்டுக்கடன் கொடுக்கும் குவிக்கன் லோன்ஸ் கம்பெனிக்காரர், அதுதான் இப்போது ராக்கெட். 2010ல் புறநகரில் இருந்த அலுவலகத்தை டவுன்டவுனுக்குக் கொண்டுவந்தார். யாரும் சீண்டாமல் கிடந்த பழைய வானளாவிகளை ஒவ்வொன்றாக வாங்க ஆரம்பித்தார். இன்றைக்கு அவருடைய பெட்ராக் நிறுவனத்தின் கையில் நூற்றுக்கும் மேல் சொத்துகள். நீங்கள் சொன்ன கேசினோ, டவுன்டவுனில் இருக்கும் கிரீக்டவுன் கேசினோ. அதை அவர் பிடித்தது 2013ல். அதே ஆண்டு ஜூலையில்தான் நகராட்சி சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு திவால் மனு போட்டது.

விற்பனைதான் சுவாரசியம். 2018ல் அறிவித்து 2019 மே மாதம் முடித்தார். மொத்தம் 100 கோடி டாலர். ஆனால் வாங்கியது இரண்டு பேர். நிலமும் கட்டடமும் விசி ப்ராப்பர்ட்டீஸ் என்ற சொத்து நிறுவனத்துக்கு, 70 கோடி. சூதாட்டத் தொழில் பென் நேஷனல் என்ற கேசினோ நிறுவனத்துக்கு, 30 கோடி. அதாவது கட்டடம் ஒருவருக்கு, கல்லா ஒருவருக்கு. தொழில் நடத்துகிறவர் இடத்துக்காரருக்கு வாடகை கட்ட வேண்டும். முதல் ஆண்டு வாடகையே 5.5 கோடி டாலருக்கு மேல். கோயில் மனையில் கடை வைத்தவர் அடிமனை வாடகை கட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், இங்கே கட்டடமும் சேர்த்து. சின்சினாட்டியில் இருந்த கேசினோவையும் இதே பாணியில்தான் விற்றார். சூதாட்ட மேசையில் வரும் லாபம் ஏறும் இறங்கும். வாடகை ஒப்பந்தம் அப்படியில்லை. அதனால்தான் நிலத்துக்கு அவ்வளவு விலை.

கேசினோ யார் கைக்குப் போனாலும் நகராட்சிக்குப் பங்கு குறையாது. சூதாட்ட வருமானத்தில் அடிப்படையாக 10.9 சதவீதம் நகரத்துக்கு, 8.1 மாநிலத்துக்கு. 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை நகரத்தின் மூன்று கேசினோக்களும் மூடிக் கிடந்தபோது நகர பட்ஜெட் ஆடிப்போனது. இப்படி ஒரு வருமானத்தை நம்பி ஒரு ஊர் இருக்கலாமா என்றால், கூடாது என்றுதான் நினைக்கிறேன். பிடுங்கிவிட்டு வேறெதை நடுவார்கள் என்றால், அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

சரி, வரி விஷயம். கேசினோ விற்ற பணத்தில் ஊர் கட்டுகிறார் என்பது பாதிக்குப் பாதி பேச்சு. பெரிய திட்டங்களில் பொதுப்பணமும் இருக்கிறது. 2017ல் மிச்சிகன் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதுவரை பாழ்மனையில் கட்டடம் எழுப்பினால், கூடுதலாக வரும் சொத்து வரியின் ஒரு பகுதியைக் கட்டியவருக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். புதுச் சட்டம் அதோடு நிற்கவில்லை. அந்தக் கட்டடத்தில் வேலை செய்பவர், குடியிருப்பவர் ஆகியோரின் மாநில வருமான வரியில் ஒரு பங்கையும் சேர்த்துக்கொண்டது. 2018ல் கில்பர்ட்டின் நான்கு திட்டங்களுக்குச் சுமார் 61.8 கோடி டாலர் இப்படி ஒப்புதலானது. ஹட்சன்ஸ் மனையும் அதில் ஒன்று. தூண் தலை நீட்டிக்கொண்டிருந்த அதே இடத்தில் இப்போது 681 அடிக் கோபுரம்.

"கட்டடம் எழும்பாவிட்டால் இது வராத வரிதானே, விட்டுக்கொடுத்தால் என்ன நஷ்டம்?" என்பார்கள். நீங்கள் இந்தக் கட்டடத்தில் இல்லாவிட்டால் பத்து மைல் தள்ளி வேறொன்றில் உட்கார்ந்து அதே வருமான வரியைக் கட்டியிருப்பீர்கள், இல்லையா? ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் ஆற்றங்கரையிலிருந்து ஹட்சன்ஸுக்கு மாறுவதாக 2024ல் அறிவித்தார்கள். காலியாகும் ஆற்றங்கரைக் கோபுரங்களைச் சீரமைக்க 160 கோடி டாலர் திட்டம் போட்டு, அதில் ஒரு பகுதி பொதுப்பணம் என்றார்கள். ஒரு கட்டடத்தை நிரப்ப ஒரு சலுகை, காலியான கட்டடத்துக்கு இன்னொன்று.

இதற்காக அவரைத் திருடன் என்று சொல்ல மாட்டேன். யாரும் வராத நாளில் வந்தவர். நகரச் சொத்து வரிப் பாக்கியில் வீடு போகும் நிலையில் இருந்த ஏழைக் குடும்பங்களுக்கு 2021ல் அவருடைய அறக்கட்டளை 1.5 கோடி டாலர் ஒதுக்கியது. நல்ல காரியம்தான். ஆனாலும் கணக்கை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் பாக்கெட்டுக்கு வருவோம், அதுதான் அவசரம். டெட்ராய்ட்டுக்கு நகர வருமான வரி தனி. ஊருக்குள் குடியிருந்தால் 2.4 சதவீதம். வெளியே குடியிருந்து உள்ளே வேலை பார்த்தால் 1.2. அதுவும் ஊருக்குள் வேலை செய்த நாட்களுக்கு மட்டும். வீட்டிலிருந்து வேலை செய்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். இதெல்லாம் மாநில வருமான வரி 4.25 சதவீதம் போக, கூடுதலாக. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. 2012ல் ஒரு கன்சல்டிங் கம்பெனி மூலம் டவுன்டவுனில் வேலை பார்த்தேன். அவர்கள் சம்பளத்தில் நகர வரியைப் பிடிக்கவே இல்லை, நானும் சம்பளச் சீட்டை உற்றுப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்து வட்டியும் அபராதமுமாகக் கடிதம் வந்தது. மனைவி அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, "தினம் பார்த்துக்கொண்டே கட்டுங்கள்" என்றாள். முதல் சம்பளச் சீட்டிலேயே அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் ஒரு வருடம் டவுன்டவுனிலேயே இருப்பேன். கார் வாங்கும் அவசரம் இல்லை, இங்கே வாகன இன்சூரன்ஸ் கொள்ளை. வீட்டு வாடகையில் பார்க்கிங் சேர்ந்ததா, வேண்டாமென்றால் குறைப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குழந்தை, பள்ளிக்கூடம் என்று வரும்போது எல்லோரும் போகிற மாதிரி நோவாய், ட்ராய், கான்டன் போன்ற புறநகர்ப் பக்கம் நீங்களும் போவீர்கள். தமிழ்க் குடும்பங்கள் அங்கேதான் அதிகம்.

பிப்ரவரி என்கிறீர்கள். சென்னையில் ஜாக்கெட் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள், அது இங்கே சட்டை மாதிரி. பெரியவன் காலேஜ் போய்விட்டான், அவனுடைய கோட்டு சும்மாதான் தொங்குகிறது. ஏர்போர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன். உங்கள் உயரம் என்ன என்று மட்டும் எழுதுங்கள்.